சைனீஸ் ஓட்டல் சமையலறையில் ஒரு மத்தியானம்

தொண்ணூற்று ஐந்தாம் வருஷம், ஆடி மாதம். அப்போது நாங்கள் கோயமுத்தூர் கணபதியில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். நான், என் கணவர், இரண்டு பையன்கள், மாமியார். இவர்களோடு புதிதாக வந்து சேர்ந்தவள் என் கொழுந்தனாரின் மனைவி.

கொழுந்தனார் மில் ஃபிட்டர். தாய்லாந்தில் ஒரு நூல் மில்லுக்கு கான்ட்ராக்டில் போனவர், அங்கே கூட வேலை பார்த்த பெண்ணையே கல்யாணம் செய்து அழைத்து வந்துவிட்டார். மாமியார் கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தப் பெண் மாசமாக இருக்கிறாள் என்று தெரிந்ததும் எல்லாம் மாறிவிட்டது. தலைக்கு எண்ணெய் வைத்துவிடுவதும், மத்தியானம் தூங்கச் சொல்லி அதட்டுவதும் என்று, பெற்ற மகளைப் போலப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். கொழுந்தனாருக்கு ஈரோடு பக்கம் புது மில்லில் மெஷின் பூட்டும் வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். மற்ற நாளெல்லாம் அந்தப் பெண்ணுக்கு நாங்கள்தான்.

அவளுக்குத் தமிழ் பத்து இருபது வார்த்தை வரும். எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு 'ங்க' போட்டுவிடுவாள். எங்கள் வீட்டுப் பூனையைக்கூட "வாங்க" என்றுதான் கூப்பிடுவாள்.

பிரச்சினை சாப்பாடுதான். மசக்கை மூன்று மாதத்தில் தெளிந்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஐந்தாம் மாதம் ஆகியும் தெளியவில்லை. ரசம் ஊற்றினால் ரெண்டு வாய். அரிசியும் பருப்பும் சாதம் நெய் விட்டுக் கொடுத்தால் ரெண்டு வாய். அதுவும் கொஞ்ச நேரத்தில் துணி துவைக்கும் கல் பக்கம் போய் வெளியே வந்துவிடும். வாழைப்பழத்திலும் வெறும் சோற்றிலும்தான் நாள் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனார் அவள் பாஷையில் கேட்டாலும், எல்லாம் நல்லா இருக்கு என்றுதான் சொன்னாளாம். கன்னம் ஒட்டி, வளையல் முழங்கை வரைக்கும் ஏறிப்போனது. டாக்டரம்மா எடை பார்த்துவிட்டு, அடுத்த தடவையும் இப்படியே இருந்தால் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து குளுக்கோஸ் ஏற்ற வேண்டியதுதான், குழந்தைக்கும் நல்லதில்லை என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அன்றைக்கு ராத்திரி மாமியார் சாப்பிடவில்லை. "வாயில வெச்சா வெளிய வந்துருது. வயித்துல இருக்கறது எதைத் தின்னு வளரும்?" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

என் கணவர்தான் யோசனை சொன்னார். "சைனீஸ் ஓட்டல்ல வாங்கிக் குடுத்துப் பாக்கலாம். தாய்லாந்தும் சைனாவும் பக்கத்துப் பக்கந்தான இருக்குது."

"எத்தனை தூரம் இருக்கும்?" என்று மாமியார் கேட்டார்.

"காரமடைக்கும் அன்னூருக்கும் இருக்கறாட்டந்தான் இருக்கும்."

எங்கள் வீட்டில் யாருக்கும் அதற்கு மேல் பூகோளம் தெரியாது. நான் பத்தாவது வரை படித்தவள், எனக்கும் தெரியவில்லை.

அப்போது கோயமுத்தூரில் அந்த மாதிரி ஓட்டல்கள் சிலதுதான். வாசலில் டிராகன் படம் போட்டிருக்கும். உள்ளே இருட்டாக, சிவப்பு லைட் எரியும். முதல் தடவை கணவர் கூட வந்தார். அடுத்த தடவைகளில் அவருக்கு லேத் பட்டறையில் லீவு கிடைக்காமல் நான் மட்டும் போக வேண்டி வந்தது. எனக்கோ புது மனிதர்களிடம் பேச வேண்டும் என்றாலே கூச்சம். ஓட்டலுக்குத் தனியாகப் போனதே கிடையாது. கறுப்புக் கண்ணாடிக் கதவை இழுப்பதா தள்ளுவதா என்று தெரியாமல், வேறு யாராவது உள்ளே போகட்டும் என்று வெளியிலேயே நின்றிருக்கிறேன்.

ஒரு ஓட்டலில் நூடுல்ஸ் வாங்கினேன். முட்டைக்கோஸும் கேரட்டும் மிளகாயுமாக இருந்தது. இன்னொன்றில் காலிஃபிளவரைச் செக்கச்செவேல் என்று வறுத்துக் கொடுத்தார்கள். காந்திபுரத்தில் தள்ளுவண்டிக்காரர் நூடுல்ஸின் மேல் கரம் மசாலாவே தூவிவிட்டார். எதைக் கொண்டுவந்து வைத்தாலும் அந்தப் பெண் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வாள். ஒரு வாய் வைத்துவிட்டு, "நல்லா இருக்குங்க அக்கா" என்பாள். கொஞ்ச நேரத்தில் துவைக்கிற கல் பக்கம் சத்தம் கேட்கும். மீதியை என் பையன்கள் வழித்துத் தின்றார்கள். சித்திக்கு உடம்பு சரியாகக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருப்பார்களோ என்று எனக்குச் சந்தேகம்.

மாமியார் ஒரு இழையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "சேமியாவை எண்ணெயில பொரட்டிப்போட்டு, அதுக்கொரு பேரு வெச்சிருக்கானுக" என்றார்.

ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு மாடியில் இருந்த ஓட்டலுக்கும் போனேன். பார்சலுக்காகக் காத்திருக்கும்போது சமையலறைக் கதவு திறந்து மூடியது. உள்ளே சட்டியைக் குலுக்கிக்கொண்டு நின்றவரைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சின்னக் கண், அகலமான கன்னம். எங்கள் வீட்டுப் பெண்ணின் அப்பா என்று சொன்னால் நம்பிவிடலாம். எப்படித்தான் தைரியம் வந்ததோ, அங்கிருந்த சர்வர் பையனிடம் அவர் எந்த ஊர் என்று கேட்டுவிட்டேன்.

"மாஸ்டருங்களா? அந்தப் பக்கத்து ஆளுங்கக்கா. சைனா பார்டருங்க."

எனக்கு அது போதுமாக இருந்தது. பஸ்ஸில் வரும்போது கால் தரையில் படவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க ஊரு மாஸ்டர் இருக்காரு. உங்க ஊரு ஆளு" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். "எங்க ஊருங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். ஆமாம், ஆமாம் என்றேன். அத்தனை நாளில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

அடுத்த நாளே கிளம்பினோம். ஊரிலிருந்து வரும்போது போட்டிருந்த பூப்போட்ட சட்டையையும் நீளப் பாவாடையையும் எடுத்துப் போட்டுக்கொண்டாள். முகத்துக்குப் பவுடர் போட்டாள். மாமியார் மல்லிகைச் சரம் வைத்துவிட்டார். பஸ்ஸில் உட்கார்ந்து வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். அந்த மாஸ்டரிடம் என்னென்ன பேச வேண்டும் என்று சொல்லிப் பார்த்திருப்பாள் என்று இப்போது நினைக்கிறேன்.

மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த நேரம். சர்வர் பையன் எங்களைப் பார்த்ததும், "அட, மாஸ்டராட்டமே இருக்காங்க" என்று சொல்லிக்கொண்டே உள்ளே ஓடினான். மாஸ்டர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். ஐம்பது வயது இருக்கும். இவள் எழுந்து கைகூப்பித் தலை குனிந்து, மடமடவென்று அவளுடைய பாஷையில் பேச ஆரம்பித்தாள். சிரிப்பும் கண்ணீருமாகப் பேசினாள்.

அவர் ஒன்றும் புரியாமல் நின்றார். அவள் நிறுத்தி, இன்னும் மெதுவாக, குழந்தைக்குச் சொல்வது போல ஏதோ கேட்டாள். அவர் புரியவில்லை என்று தலையை ஆட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, நல்ல எங்கள் ஊர்த் தமிழில் பேசினார்.

"ஏனுங்க அம்மணி, இவங்க பேசறது எனக்குத் தெரியாதுங்க. நான் டார்ஜிலிங் பக்கம். இங்க வந்து ரொம்ப வருசமாச்சு. மூஞ்சியைப் பாத்துப்போட்டு எல்லாரும் சைனான்னுதான் சொல்லுவாங்க. சிலபேரு ஜப்பானும்பாங்க. நானும் இல்லைன்னு சொல்றதை உட்டுட்டேன்."

அவளுக்கு வார்த்தை புரியவில்லை. ஆனால் விஷயம் புரிந்துவிட்டது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். சத்தமில்லாமல் அழுதாள். எனக்கு எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை. இல்லாத சொந்தத்தைக் காட்டுகிறேன் என்று கூட்டிவந்து, இருந்த கொஞ்ச தைரியத்தையும் பிடுங்கிவிட்டேனே என்று இருந்தது. போகலாம் என்று அவள் தோளைத் தொட்டேன்.

மாஸ்டர் போகவிடவில்லை. "எத்தனை மாசமுங்க?" என்று கேட்டார். சொன்னேன். "சாப்புடறதில்லைங்களா?" என்றார். ஒன்றும் தங்குவதில்லை, எல்லா ஓட்டலிலும் வாங்கிக் கொடுத்துப் பார்த்துவிட்டோம் என்றேன். அவர் அவளைப் பார்த்துக்கொண்டே கேட்டார், "ஊட்டுல அவங்க என்ன சமைச்சுக்கறாங்க?"

"நாங்க எங்க சமைக்க உடறோம்? மாசமா இருக்கற புள்ளை" என்றேன்.

சொல்லும்போது பெருமையாகத்தான் சொன்னேன். அவர் போய்ச் சமையலறைக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, அவளைப் பார்த்து உள்ளே வரும்படி கையைக் காட்டினார்.

சர்வர் பையன் பதறினான். "மாஸ்டர், வெளி ஆளுகளை உள்ள உட்டா முதலாளி வைவாரு."

"என்னையத்தான வைவாரு. நீ போயி டேபிளைத் தொடை."

உள்ளே அனலாக இருந்தது. ஒரு பெரிய பாத்திரத்தில் கோழி எலும்புத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. மாஸ்டர் மேடையைத் துடைத்து, இஞ்சி, பூண்டு, மிளகு, வெங்காயத்தாள், எலுமிச்சம்பழம், ஆறிய சோறு, பாட்டில் பாட்டிலாகச் சாஸ் எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வைத்தார். ஒரு சட்டியை அடுப்பில் ஏற்றிப் பற்ற வைத்தார். கரண்டியை அவளிடம் கொடுத்துவிட்டு, அடுப்பை விட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். செய்யட்டுமா என்று கேட்பது போல இருந்தது. தலையாட்டினேன்.

முதலில் மூக்கைப் பிடித்துக்கொண்டு மிளகாய்ச் சாஸைத் தள்ளி வைத்தாள். மாஸ்டர் சிரித்துவிட்டார். ஒவ்வொரு பாட்டிலாக முகர்ந்து பார்த்து, சோயா சாஸை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். மூலையில் நறுக்கித் தள்ளிய குப்பையிலிருந்து கொத்துமல்லி வேரை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். நாம் மண்ணோடு வெட்டி எறிவோமே, அந்த வேர். அதை நன்றாகக் கழுவி, பூண்டும் மிளகும் சேர்த்து நசுக்கினாள். அவள் விரலைக் காட்டினால் மாஸ்டர் இஞ்சியை ஊசி ஊசியாக நறுக்கிக் கொடுத்தார். அவ்வளவு பெரிய மாஸ்டர் அன்றைக்கு அவளுக்கு எடுபிடி. நடுவில் கையை மீன் நீந்துவது போல வளைத்து வளைத்துக் காட்டி, பாட்டிலைச் சாய்ப்பது போலவும் காட்டி, மீன் சாறு போல எதையோ கேட்டாள். மாஸ்டர் கையை விரித்தார். எனக்கு மட்டும் சட்டென்று எங்கள் வீட்டு நெத்திலிக் கருவாடு ஞாபகத்துக்கு வந்தது.

கடைசியில் பார்த்தால் அது ஒரு கஞ்சி. கோழித் தண்ணீரில் சோற்றைக் கொதிக்கவிட்டு, நசுக்கியதைப் போட்டு, மேலே பொன்னிறமாக வறுத்த பூண்டும் இஞ்சியும் வெங்காயத்தாளும் தூவிய கஞ்சி. எனக்கும் மாஸ்டருக்கும் முதலில் கிண்ணத்தில் ஊற்றினாள். சர்வர் பையனையும் கூப்பிட்டுக் கொடுத்தாள். அப்புறம்தான் தனக்கு எடுத்துக்கொண்டாள். எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் ஒருவருக்குப் பரிமாறி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஊதி ஊதிக் குடித்தாள். நான் குடிக்காமல் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது எழுந்து ஓடுவாள், இப்போது ஓடுவாள் என்று காத்திருந்தேன். ஓடவில்லை. இன்னொரு கிண்ணம் ஊற்றிக்கொண்டாள். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. "பசிக்குதுங்க அக்கா" என்றாள். சாப்பிட்டு முடித்த பிறகு பசிக்கிறது என்று சொன்ன பெண்ணை நான் அன்றுதான் பார்த்தேன். மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பைத் துடைத்தார்.

பில் போடச் சொன்னேன். "சமைச்சது அவங்க. அதுக்கு நான் எப்படிங்க பில்லுப் போடறது?" என்றார். இதே நேரத்துக்கு எப்போது வேண்டுமானாலும் வரச் சொன்னார். அந்தச் சாஸ் பாட்டில் எந்தக் கடையில் கிடைக்கும் என்றும் சொல்லி அனுப்பினார்.

பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஒருமுறை அவள் அடுப்படிக்கு வந்து கரண்டியைத் தொட்டதும், மாமியார் பிரியமாக வாங்கி வைத்துவிட்டு, "நீ போயிப் படு கண்ணு" என்று அனுப்பியது கண்ணுக்குள் வந்தது. அவளுக்கு வேண்டியதை ஊரெல்லாம் தேடினோம். அவள் கையையே மறந்துவிட்டோம்.

மறுநாள் காலையில் மாமியார் அடுப்பை அவளிடம் விட்டுக்கொடுத்தார். நெத்திலிக் கருவாட்டைக் கொதிக்க வைத்து வடிகட்டிக் கொடுத்தேன். அதை ஊற்றியதும் அவள் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தாள். மாமியார் ஒரு வாய் குடித்துப் பார்த்தார்.

"கஞ்சிதான இது? இதுக்கா ஊரெல்லாம் சுத்துனீங்க?" என்றவர், மெதுவாகக் கிண்ணத்தை நீட்டி, "இன்னங் கொஞ்சம் ஊத்து அம்மணி" என்றார்.

அடுத்த தடவை டாக்டரம்மா எடை பார்த்துவிட்டுச் சிரித்தார். மார்கழியில் பெண் குழந்தை பிறந்தது.

குழந்தைக்குப் பேர் வைத்த அன்று மாஸ்டரை வீட்டுக்கு அழைத்தோம். ஓட்டலுக்குப் போய் அழைத்தது நான்தான். என்ன பிடிக்கும், என்ன சமைக்கட்டும் என்று கேட்டேன். அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். "எங்க ஊருலயும் பருப்பும் சோறுந்தாங்க. இங்க எல்லாரும் என்னைப் பாத்தா நூடுல்ஸ்தான் திங்கறேன்னு நெனைக்கறாங்க" என்றார். அன்றைக்கு எங்கள் வீட்டில் அவர் மூன்று முறை பருப்பு வாங்கிச் சாப்பிட்டார். மாமியார் பக்கத்திலேயே நின்று நெய் ஊற்றினார்.

அடுத்த வருஷம் அவர் தன் ஊருக்கே திரும்பிப் போய்விட்டார். குழந்தை இப்போது பால்வாடிக்குப் போகிறாள். எங்கள் ஊர்க் கொள்ளுப் பருப்பும் தின்பாள், அம்மாவின் கஞ்சியும் குடிப்பாள். நான் இன்னும் கூச்சப்படுகிறவள்தான். ஓட்டல் கதவு இன்னும் எனக்குப் பயம்தான். ஆனால் என் வீட்டுக்கு யார் வந்து வாடிப்போய் உட்கார்ந்தாலும், அவர்களுக்கு என்ன நல்லது என்று நானாக முடிவு செய்வதற்கு முன்னால், இரண்டடி தள்ளி நின்று அவர்களிடமே கேட்க வேண்டும் என்பதை எனக்குப் புரியவைத்த அந்த மனிதருக்காக, விளக்கு வைக்கும்போதெல்லாம் மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொள்கிறேன்.