மூடி இல்லாத இன்ஹேலர்

போன ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நானும் என் வீட்டுக்காரரும் இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் கோயிலுக்கு டவுன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம்.

அவர் ரொம்ப வருஷமாக நூல் மில்லில் வேலை பார்ப்பவர். பஞ்சுத் தூசி நுரையீரலைக் கெடுத்துவிட்டது. மூச்சு முட்டினால் இன்ஹேலர் இழுப்பார். ஆனால் மில்லில் யாருக்கும் தெரியக்கூடாது. இளைப்பு என்று தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். சட்டென்று எடுத்து இழுத்துவிட்டு மறைக்க வசதியாக, மூடியைக் கழற்றி எறிந்துவிட்டார். பாக்கு கிடக்கிற அதே சட்டைப் பையில்தான் அதுவும் கிடக்கும். "மூடி எதுக்கு வச்சிருக்கான், அழகுக்கா?" என்று கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

வழியில் அவருடைய சூப்பர்வைசர் பஸ்ஸில் ஏறினார். அந்த நேரம் பார்த்தா இவருக்கு மூச்சு வாங்க வேண்டும்! ஜன்னல் பக்கம் திரும்பி, கைக்குள் பொத்தி, பார்க்காமலே அழுத்தி இழுத்தார். வாய் வைக்கிற இடத்தில் சிக்கிக் கிடந்த பாக்குத் துண்டும் சேர்ந்து உள்ளே போய்விட்டது. ஒரே இருமல். பிறகு சத்தமே இல்லை. முகம் கறுத்துப் போனது. நான் போட்ட கூச்சலில் பஸ் நின்றது.

குறை சொல்லக்கூடாது, சூப்பர்வைசர்தான் ஓடிவந்து முதுகில் ஓங்கித் தட்டினார். கொஞ்சம் மூச்சு வந்தது. அவரே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். "மூடி போட்டு வைக்கணும், இழுக்கறதுக்கு முன்னாடி உள்ள பாக்கணும்னு தெரியாதா?" என்று டாக்டர் என்னைத்தான் திட்டினார். துண்டு மூச்சுக்குழாயில் இறங்கிவிட்டதால் மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தபோது, சூப்பர்வைசர் வராந்தா மூலையில் சுவரைப் பார்த்து நின்றிருந்தார். அவர் கையிலும் ஓர் இன்ஹேலர்! என்னைக் கண்டதும் சட்டென்று அதைப் பைக்குள் திணித்தார்.

"தங்கச்சி, மில்லுல யார்ட்டயும் சொல்லிராதம்மா. பொறவு எனக்கும் சீட்டு கிழிஞ்சிரும்."

"இம்புட்டு நாளா ஒங்களுக்குப் பயந்துதாண்ணே அவிய ஒளிச்சு ஒளிச்சு இழுத்தாவ," என்றேன்.

மதுரையில் துண்டை எடுத்து என் வீட்டுக்காரரைப் பிழைக்க வைத்தார்கள். வேறு வழியில்லாமல் அதே மில்லுக்குத்தான் போகிறார். ஆனால் இன்றைக்கும் இன்ஹேலரைக் கையில் எடுத்தால் முதலில் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அப்புறம்தான் அதற்குள் பார்க்கிறார். நோயைக் கொடுத்த மில்லுக்காரன் நிமிர்ந்து நடக்க, வாங்கிக்கொண்டவர் மூச்சு விடக்கூடத் திருடனாட்டம் ஒளிய வேண்டியிருக்கிறதே என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் வயிறு எரிகிறது.