வெறுஞ்சீட்டில் போட்ட கையெழுத்து

என் வீட்டுக்காரர் நூல் மில்லில் வேலை பார்த்த காலத்தில் வாங்கிய ஆயிரத்து இருநூறு பங்குகளை என் பேருக்கு விட்டுப் போனார். மகன்களிடம் கை நீட்டாமல் நான் இருந்தது அந்தப் பிடியில்தான். காகிதப் பத்திரம் இனிச் செல்லாது, கம்ப்யூட்டர் கணக்கில் ஏற்ற வேண்டும் என்று வந்தபோது, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் இருந்த ஒரு பங்கு ஆபீஸில் கணக்குத் திறந்தேன்.

ஆபீஸ்காரர் செக் புத்தகம் போல ஒன்றை நீட்டினார். அதிலுள்ள சீட்டில் நான் கையெழுத்துப் போட்டால்தான் என் கணக்கிலிருந்து பங்கு நகரும்.

"ஒவ்வொரு தடவையும் மாடி ஏறணுமாம்மா? அம்புட்டுச் சீட்டுலயும் போட்டு வச்சிருங்க. நான் பாத்துக்கிறேன்."

எனக்குத் திருத்தமாக எழுத வந்தது என் பெயர் ஒன்றுதான். பத்துச் சீட்டிலும் ஒரு எழுத்துக் கோணாமல் போட்டு, மை காய ஊதியும் கொடுத்தேன். பக்கத்து வீட்டு டீச்சரையும் நானே பெருமையாக அங்கே கூட்டிப் போனேன். படித்தவர், அவரும் அப்படியே போட்டுக் கொடுத்தார்.

கணக்கு விவரம் தபாலில் இங்கிலீஷில் வரும். எண்கள் எனக்குத் தெரியும். எந்த எண் எதைச் சொல்கிறது என்பதுதான் தெரியாது. எங்கள் தெருவில் ஒருவரிடம் காட்டினால் சாயங்காலத்துக்குள் என் மருமகள்கள் வரை போய்விடும். அதனால் பஸ் ஏறி, என்னைத் தெரியாத கொடைரோட்டு ஊருக்குப் போய், அங்கே போன் பூத்தில் இருந்த பெண்ணிடம், பெயரை மடித்து மறைத்துக் காட்டுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஆத்தா, இருப்பு சைபர்னுல்ல போட்டிருக்கு."

"நல்லாப் பாரு தாயி."

"போன மாசமே அம்புட்டும் போயிருச்சு. வித்துட்டீகளா?"

அடுத்த பஸ்ஸில் நேரே ஆபீஸுக்கு வந்தேன். ஆபீஸ்காரர் என்னைக் கண்டதும் உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"சத்தம் போடாதீங்கம்மா. ஒரு அவசரத்துக்கு உங்க பங்கை ஒரு எடத்துல அடமானமா வச்சிருக்கேன். திங்கக்கிழமை திரும்பிரும்."

"என்னைக் கேட்டியா?"

"கேட்டா குடுத்திருப்பீங்களா?"

"டீச்சரோடதும் போயிருச்சா?"

கதவு சாத்தியிருக்கிறதா என்று அவர் இன்னொரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஒரு வார்த்தை வெளிய போச்சு, அம்புட்டுப் பேரும் வந்து நிப்பாக. அப்புறம் யாருக்கும் இல்ல. உங்களுக்கும் இல்ல."

சனிக்கிழமை நான் வெளியே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்த டீச்சர், சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளக் கிண்ணத்தில் வெஞ்சனத்தோடு வாசலில் நின்றார்.

"என்னக்கா, மொகம் இப்பிடிக் கெடக்கு? மருமக ஏதும் பேசிட்டாளா?"

"வெயிலுதான் டீச்சர்."

"நாளைக்கு ஆபீஸ் பக்கம் போறேன். பாதியை வித்துரலாம்னு இருக்கேன்."

என் நாக்கு என்னைக் கேட்காமலே பேசியது. "செவ்வாக்கிழமை போங்களேன். நானும் வாரேன்."

"அதுவும் சரிதான்" என்று அவர் கிண்ணத்தை என் கையில் கொடுத்தார். அதை மூடி அடுப்படியில் வைத்தேன், தொடவில்லை.

திங்கட்கிழமை காலையிலேயே போய் உட்கார்ந்துவிட்டேன். கம்ப்யூட்டரில் எண்கள் சிவப்பும் பச்சையுமாக ஓடின. அதைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள், சிலர் நகத்தைக் கடித்தார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் டீச்சரோ என்று பார்த்தேன். மூன்று மணிக்கு மேல் ஆபீஸ்காரர் கூப்பிட்டார். என் கணக்கில் ஆயிரத்து இருநூறு நின்றது. அதை அச்செடுத்து முத்திரை குத்தி வாங்கினேன். மிச்சச் சீட்டுகளையும் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, டீச்சர் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றுதான் கேட்டார்.

"உங்களுக்கு எப்பக்கா தெரியும்?"

"வெள்ளிக்கிழமையே."

அவர் பையை எடுத்துக்கொண்டு நடந்தார். நான் பின்னால் போனேன். ஆபீஸ் கதவில் பூட்டுத் தொங்கியது. மறுநாளும் தொங்கியது.

புகார் கொடுக்க மதுரைக்கு ஒரு வருஷம் அலைந்தார் டீச்சர். ஒவ்வொரு தடவையும் நானும் அதே பஸ்ஸில் ஏறினேன். வாங்க என்று அவர் சொன்னதில்லை. வேண்டாம் என்றும் சொன்னதில்லை. கடைசியில் அவருக்குப் பாதிப் பங்குதான் திரும்பி வந்தது.