படுத்த நிலை

எதையும் விநாடிக் கணக்கில் அளந்து எழுதுபவர் என்பதால், ஆம்புலன்ஸ் ஊழியரான அவரை எல்லோரும் 'விநாடி' என்றே கூப்பிட்டார்கள். கார் இருக்கையில் பயிற்சிப் பொம்மையை உட்காரவைத்து, பழைய கருவியாலும் தொண்டைக்குள் காட்டும் புதிய கேமரா கருவியாலும் மூச்சு போவதற்கான குழாயைச் செருகிப் பார்த்தார். பழைய கருவிக்கு ஐம்பத்திரண்டு விநாடி. கேமரா கருவிக்குப் பத்தொன்பது. கேமரா கருவியை வாங்கச் சொல்லி மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்தார்.

"படுக்க வச்சா ரெண்டும் ஒண்ணுதானே, அண்ணே?" என்று சிரித்த மேலதிகாரி, கேமரா கருவியை வாங்கவில்லை.

ஆறு மாதம் கழித்து, நொறுங்கிய லாரிக்குள் உட்கார்ந்தபடியே சிக்கிய டிரைவருக்கு, பழைய கருவியால் மூன்று முறை முயன்றும் குழாய் இறங்கவில்லை. கண்முன்னே உயிர் போனது.

மறுநாள் மேலதிகாரி பதிவேட்டை நீட்டினார். "'உட்கார்ந்த நிலை'ன்னு இருந்தா, கேமரா கருவி ஏன் வாங்கலைன்னு கேப்பாங்க. 'படுத்த நிலை'ன்னு மாத்திடுங்கண்ணே. செத்தவனா வந்து சாட்சி சொல்லப்போறான்? உங்க பென்ஷனைப் பாருங்க."

முப்பது வருடம் ஓர் எழுத்தையும் அடித்துத் திருத்தாதவர், 'உட்கார்ந்த' என்ற சொல்லை அடித்தார்.

வாசலில் டிரைவரின் மனைவி, "கடைசியா எப்படிண்ணே இருந்தாரு?" என்று கேட்டாள்.

"படுத்துதான்மா இருந்தாரு," என்றார்.