அம்மாவின் கண்ணுக்கு ஒன்றுமில்லை

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அம்மாவுக்குக் கண்ணில் கோளாறு என்று சொன்னார்கள். மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும், சொட்டு மருந்து ஊற்றிப் பார்ப்பார்கள், ஒரு ராத்திரி தங்க வேண்டியிருக்கும் என்று அப்பா பெரியப்பாவிடம் சொன்னார். சங்கரன்கோவிலில் கண் என்றால் மதுரைதான். யாரும் மறுகேள்வி கேட்கவில்லை.

பெரியப்பாவும் அப்பாவும் பூ மார்க்கெட்டில் சேர்ந்து கமிஷன் கடை வைத்திருந்தார்கள். இன்றைக்குப் பறித்த பூவை நாளைக்கு விற்க முடியாது என்பதால் அந்தக் கடைக்கு லீவே கிடையாது. கல்யாணமான பத்து வருடத்தில் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து போன வெளியூர் எல்லாம் விசேஷ வீடு, இல்லாவிட்டால் துக்க வீடு. இது நான் பிற்பாடு யோசித்துக் கண்டுபிடித்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு வாரமாக அடுப்படியில் அப்பா அம்மாவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார் என்பதுதான்.

“ஒரே ஒரு தடவ எங்கூட வாட்டி. என்ன வந்துறப் போவுது?”

“பிள்ளைகள விட்டுட்டு எப்படி?” என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டாள். ஆஸ்பத்திரிக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை விடியற்காலையில் இருவரும் கிளம்பிப் போனார்கள். தம்பிக்கு நாலு வயது. பெரியம்மா ஒரு பால்பன் கொடுத்ததும் அழுகையை நிறுத்திவிட்டான். எனக்கு அப்படி முடியவில்லை. கண் தெரியாவிட்டால் அம்மா எப்படி நடப்பாள் என்று பார்க்க, கண்ணை இறுக மூடிக்கொண்டு வாசலிலிருந்து அடுப்படிவரை நடந்தேன். தண்ணீர் நிறைத்து வைத்திருந்த குத்துப்போணியில் இடித்துக்கொண்டு, முட்டியில் ரத்தம் வந்தது. அதற்கும் சேர்த்து அழுதேன்.

பெரியம்மா சாயங்காலம் என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போனார். கோமதியம்மன் சன்னதியில் நின்று, என் ஓரகத்திக்குப் பார்வையைக் கொடு, வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்துகிறேன் என்று சத்தமாகவே வேண்டிக்கொண்டார். அங்கே பிரசாதமாகக் கொடுத்த புற்றுமண்ணை நனைத்து என் முட்டியில் பூசிவிட்டு, மீதியை அம்மாவுக்கென்று முந்தானையில் முடிந்துகொண்டார். அம்மாவுக்கும் அவருக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. ஆனாலும் அன்று அம்மாவின் பெயருக்கு அர்ச்சனையும் செய்தார். அம்மாவுக்குப் பதிலாக என் கண்ணை எடுத்துக்கொள் என்று சொல்ல நானும் வாயெடுத்தேன். பயமாக இருந்ததால் ஒரு கண் மட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரும்பி வந்தார்கள். அம்மாவின் கண்ணில் கட்டு இல்லை. முகம் பளபளவென்று இருந்தது. “கண்ணுக்கு ஒண்ணுமில்லையாம்” என்று அப்பா சொன்னார். பெரியம்மா அம்மாவின் நெற்றியில் புற்றுமண்ணைப் பூசினார். அம்மா தலையைக் குனிந்தே நின்றாள்.

பெரியவர்கள் சாப்பிட உட்கார்ந்ததும், நானே அம்மாவுக்குச் சொட்டு மருந்து போட்டுவிட வேண்டும் என்று அவர்களுடைய பையைத் திறந்தேன். மருந்து இல்லை. அம்மாவின் சேலை மடிப்புக்குள் ஓர் அட்டை உறை இருந்தது. அதற்குள் ஒரு போட்டோ. மணி கோத்த தொங்கட்டானும், தலையில் சரிகைத் துணியுமாகக் காஷ்மீர் உடுப்பில் ஒரு பெண். பக்கத்தில் தொப்பி போட்ட ஆண். பின்னால் ஏரி, மேகம். அந்தப் பெண் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். அது அம்மா என்று கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அடியில் ‘கொடைக்கானல்’ என்று அச்சடித்திருந்தது.

முட்டிக் காயம் அப்போதுதான் சுருக்கென்று வலித்தது. போட்டோவைக் கொண்டுபோய்ப் பெரியப்பாவின் இலைக்கு முன்னால் வைத்தேன்.

“ஆஸ்பத்திரிக்கே போகல. கொடைக்கானல் போயிருக்காங்க.”

பெரியப்பா போட்டோவைப் பார்த்தார். முகூர்த்த நாட்களான அந்த இரண்டு நாளும் தனியாளாகக் கடையைப் பார்த்திருந்தார். விரல்களில் இன்னும் பூமூட்டை கட்டிய நார் அறுத்த கோடு இருந்தது. “இது யாரு யோசன, லே?” என்று மட்டும் கேட்டார்.

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, “இவதான் கொடைக்கானல் பாக்கணும்னு சொன்னா” என்றார்.

அம்மா அப்பாவை ஒருமுறை பார்த்தாள். பிறகு பெரியம்மாவிடம், “ஆமாக்கா, நாந்தான் ஆசப்பட்டேன்” என்றாள்.

“உன் கண்ணுக்காக அம்மன்ட்ட நேந்துட்டு வந்து நிக்கேன். சொல்லிட்டுப் போயிருந்தா வேண்டாம்னா சொல்லப் போறேன்?” என்று பெரியம்மா அழுதார். சொல்லியிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். அது அவரைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த அழுகை பொய்யில்லை.

வேறு சண்டை எதுவும் நடக்கவில்லை. போட்டோவை அப்பா சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனார். அதற்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை. அவர்கள் இருவரும் சேர்ந்து எங்கும் போகவுமில்லை. பின்னாளில் நாங்கள் பெரியவர்களாகி டிக்கெட்டே எடுத்துக் கொடுத்தபோதும், “இங்கன இல்லாத காத்தா அங்கன அடிக்கு?” என்று அம்மா மறுத்துவிட்டாள்.

என்னை அம்மா அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடிக்கவில்லை, திட்டவுமில்லை. மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பும்போது எனக்கு இரட்டைச் சடை பின்னினாள். பின்னுகிற கை நடுவில் நின்றது.

“ஏட்டி, அந்தப் போட்டோல நான் நல்லா இருந்தேனா?”

எனக்கு இன்னும் கோபம் தீர்ந்திருக்கவில்லை. “நல்லாவே இல்ல” என்றேன்.

“அப்படியா” என்று சொல்லிவிட்டு அம்மா ரிப்பனை இழுத்துக் கட்டினாள். போட்டோவைப் பற்றி மட்டும்தான் கேட்கிறாள் என்று அப்போது நினைத்துக்கொண்டு, நான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டேன்.