மலைக்கு முந்தி ஏற்றிய விளக்கு

எங்கள் ஊரில் கார்த்திகை தீபத்தன்று, அண்ணாமலை உச்சியில் தீபம் ஏறாமல் யாரும் வீட்டில் விளக்கு ஏற்ற மாட்டோம். மற்ற ஊர்களில் இருட்டினால் ஏற்றிவிடுகிறார்கள், பாவம். நாங்கள் அகலில் எண்ணெய் ஊற்றி, திரி போட்டு, தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்போம். ஆறு மணிக்கு மலையில் நெருப்பு தெரியும். அதற்குப் பிறகுதான் வாசலில். வீட்டு வெளிச்சமெல்லாம் அங்கிருந்து இறங்கி வருவது என்று நம்புகிறவர்கள் நாங்கள். இந்த விஷயத்தில் எனக்குக் கர்வம் ஜாஸ்தி. மறைப்பானேன்?

வேங்கிக்காலில் எங்கள் தெருவில் ஆறு வீடுகள். புதுக் கட்டடங்கள் மறைப்பதால் எந்த வாசலிலிருந்தும் மலை தெரியாது. எங்கள் மொட்டைமாடியிலிருந்து மட்டும் முழுசாகத் தெரியும். அதனால் வருஷாவருஷம் நான் மேலே நிற்பேன், மருமகள் வாசலில் நிற்பாள். தீபத்தைக் கண்டதும் "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று நான் குரல் கொடுத்தால் தெருவே ஏற்றும். எதிர்வீட்டுக்காரி ஒருமுறை, டிவியில் பார்த்து ஏற்றினால் என்ன என்று கேட்டாள். டிவியைப் பார்த்து ஏற்ற நாம் என்ன துபாயிலா இருக்கிறோம் என்று கேட்டேன். அப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்பு எனக்குக் கண் மங்க ஆரம்பித்தது. ஒருநாள் போர்டு தெரியாமல் செங்கம் பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி ஆட்டோ பிடித்து வீடு வந்தேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் மாடியேறாதே என்பார்கள். அந்தக் குரலை இன்னொருத்திக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

அந்த வருஷம் தீபத்தன்று மேகமூட்டம். மலை எனக்கு ஒரு சாம்பல் திட்டாகத்தான் தெரிந்தது. கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டே நின்றேன். உச்சியில் சிவப்பாக ஏதோ துளிர்த்தது. உடம்பெல்லாம் சிலிர்க்கக் குரல் கொடுத்தேன். கீழே ஆறு வாசலிலும் வரிசையாக விளக்குகள் ஏறின. நான் கைகூப்பி அழுதுகொண்டிருந்தேன்.

மருமகள் தட்டோடு மேலே வந்தாள். மலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அத்தை, அது செல்போன் டவர் லைட்டு."

மலைக்கு முன்னால் புதிதாக ஒரு டவர் நட்டிருந்தார்கள். அவள் சொல்லி முடித்துக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கோயில் பக்கம் வெடி கிளம்பியது. அப்போதுதான் நிஜமான தீபம் ஏறியது. கும்பிட்ட கை கும்பிட்டபடியே நின்றது.

எரிகிற விளக்கைத் தீபத்தன்று யார் அணைப்பார்கள்? மலைக்கு முந்தி ஏற்றிய விளக்குகள் ஆறு வாசலிலும் எரிந்தன. யாராவது ஒரு வார்த்தை திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு கொடுத்து மனசு ஆறியிருப்பேன். எதிர்வீட்டுக்காரி என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அடுத்த வருஷம் இவர்கள் என் குரலுக்குக் காத்திருப்பார்களா?

சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். மருமகளுக்கு என் கண் விஷயம் புரிந்துவிட்டது. எனக்கு ஆறுதல் சொல்வாள் என்று பார்த்தால், கணக்காகப் பேசினாள். "மேல பதினோரு நாள் எரியுது இல்ல, அத்தை? நேத்து ஏத்துனது போதும்னு விடுறாங்களா? தினம் சாயந்திரம் நெய் ஊத்திப் புதுசாத்தான் ஏத்துறாங்க. கண்ணைச் சரி பண்ணிக்கினு நீங்களும் ஏத்துங்க."

இந்த மலையடியிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். முதல் நாளையே பெரிசாகக் கொண்டாடி, மற்ற பத்து நாளையும் ஏறெடுத்துப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் ஐந்து வீட்டுக்கும் போய், எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, தப்பு என்னுடையது என்று சொன்னேன். என் வாழ்க்கையில் இவ்வளவு கஷ்டமான நடை நடந்ததில்லை. பிறகு ஆஸ்பத்திரி. கண்ணில் புரை என்றார்கள். தீபம் மலையேறுவதற்குள், அதாவது அணைவதற்குள், எனக்குப் பார்வை வேண்டும் என்று டாக்டரிடம் அடம்பிடித்தேன். அவர் சிரித்துவிட்டார். ஆனால் ஆறாம் நாள் ஆபரேஷன் செய்துவிட்டார்.

பதினோராம் நாள் சாயந்திரம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, மருமகள் கையைப் பிடித்து மாடியேறினேன். முதலில் அந்த டவரைத் தேடிப் பிடித்து முறைத்தேன். அதற்குப் பின்னால் மலை, விளிம்பு விளிம்பாகத் தெரிந்தது. ஆறு மணிக்கு உச்சியில் மஞ்சளாக ஒன்று எழுந்து காற்றில் சாய்ந்து நிமிர்ந்தது. போயும் போயும் இதையா ஒரு பல்போடு மாற்றிப் பார்த்தேன்! குரல் கொடுக்க மறந்து பார்த்துக்கொண்டே நின்றேன்.

கீழே எட்டிப் பார்த்தேன். பதினோராம் நாள் வீட்டில் யாரும் வாசல் நிறைய விளக்கு வைக்க மாட்டார்கள். ஆனால் ஐந்து வாசலிலும் அகல்கள் ஏற்றாமல் வரிசையாக இருந்தன. மருமகள் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். எதிர்வீட்டுக்காரி தீப்பெட்டியும் கையுமாக என்னை அண்ணாந்து பார்த்தாள்.

"தெரியுதாக்கா?"

"தெரியுது. ஏத்து" என்றேன்.

அன்றைக்கு ஊரில் வாசல் நிறைய விளக்கு எரிந்த தெரு எங்களுடையது ஒன்றுதான்.