பிரின்சிபால் ஜன்னலில் ஒரு கடல் முடிச்சு

எங்கள் அக்கா ஸ்டெபிக்குக் கடலில் கால் நனைக்கப் பிடிக்காது. திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிறவரின் மூத்த மகள் இப்படி இருப்பது குடும்பத்துக்கே அவமானம் என்று நானும் பலமுறை எடுத்துச் சொல்லிவிட்டேன். "உப்புத்தண்ணி முடியக் கெடுக்கும்ளா" என்பாள். ஆனால் அதே உப்புத்தண்ணீரைக் கேன் கேனாகக் கல்லூரி ஆய்வகத்துக்குச் சுமப்பாள். அங்கே ஒரு தொட்டியில் முத்துச்சிப்பிக் குஞ்சுகளை வளர்த்தாள். ஒருநாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். கண்ணுக்குத் தெரிந்தால்தானே? வெறும் தண்ணீரை எட்டிப் பார்த்துவிட்டு, "அப்படியே உன் ஜாடை" என்றேன். தலையில் குட்டினாள்.

அது அவளுக்குக் கடைசி வருடம். குஞ்சுகள் பிழைத்தால் பட்டம், செத்தால் இன்னொரு வருடம். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் ஒரு தடவை அவற்றுக்குப் பாசித்தண்ணீர் ஊற்றியாக வேண்டும்.

ஆய்வகம் கல்லூரியின் பின்பக்கம். போகிற பாதை முழுக்க உடைமரப் புதர். ஒரு சாயங்காலம் ஸ்டெபியின் தோழி சந்தனச்செல்வி அந்தப் பாதையில் வரும்போது ஒருவன் பைக்கில் வந்து அவள் போனைப் பறிக்கப் பார்த்தான். அவள் விடவில்லை. முழங்கைத் தோல் உரியும்வரை இழுத்துக்கொண்டு போய்ப் பறித்தான்.

கல்லூரி உடனே நடவடிக்கை எடுத்தது, பொம்பளைப் பிள்ளைகள் மேல். நாலு மணிக்கு மேல் மாணவிகள் ஆய்வகத்திலும் நூலகத்திலும் இருக்கக் கூடாது. மாணவர்கள் ஆறு வரை இருக்கலாம். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையோடு உறவு முறிந்தது. ஆனாலும் இந்தக் கணக்கு தப்பு என்று எனக்கே தெரிந்தது.

ஸ்டெபி நேராகப் பிரின்சிபால் இந்துமதி மேடத்திடம் போனாள்.

"உங்க பாதுகாப்புக்குத்தாம்மா" என்றார் மேடம்.

"எங்கப்பா சங்கு குளிக்கப் போறாரு மேடம். கடல்ல ஆபத்துன்னு அவரைக் கரையில உக்கார வைக்கலியே. மேல இருந்து கயிறு பிடிக்க ஆளு போட்டிருக்கு."

"இது கடல் இல்லம்மா, காலேஜ்."

"அப்ப இன்னும் லேசாத்தான இருக்கணும்?"

"கிளாசுக்குப் போ" என்றார் மேடம்.

அன்று சாயங்காலம் பாசி ஊற்றும் வேலையைக் கூடப் படிக்கும் பெவினிடம் ஒப்படைத்தாள். பெவின் நல்லவன். அதுதான் பிரச்சினை. குஞ்சுகளுக்குப் பசிக்குமே என்று ஒரு வாளிப் பாசி முழுவதையும் தொட்டியில் கவிழ்த்துவிட்டான். மறுநாள் காலையில் பாதிக் குஞ்சுகள் அடியில் செத்துக் கிடந்தன. ஸ்டெபி அழவில்லை. அவள் அழாவிட்டால் எனக்குப் பயம்.

வீட்டுக்கு வந்ததும் இஞ்ஞாசி மாமாவைத் தேடிப் போனாள். மாமா அம்மாவின் தம்பி, அப்பாவுக்குக் கயிறு பிடிப்பவர். சங்கு குளியில் கயிறு மச்சான் கையில்தான் இருக்கும். கயிறு நழுவினால் அறுக்கப்படுவது அவன் அக்காள் தாலி, அதனால் கண்ணை எடுக்க மாட்டான்.

"மாமா, காலேஜ்ல எனக்கு யாரு மச்சான்?" என்று கேட்டாள் ஸ்டெபி.

மாமா வலையைக் கீழே போட்டார். "ஏளா, எவன் அவன்?"

"அட, அதில்ல மாமா. நான் முங்கினா யாருக்கு நட்டம்?"

மாமா யோசிப்பதற்குள் அவளே சிரித்தாள். "பிரின்சிபால் பேருதான் பேப்பர்ல வரும். உங்க கயித்தக் குடுங்க."

மறுநாள் மூன்று கயிறுகளை ஒன்றாக முடிந்து சாக்கில் போட்டு நான்தான் கொண்டுபோனேன். வாசலில் வாட்ச்மேன் என்ன சாக்கு என்று கேட்டார். முத்துச்சிப்பிக்குச் சாப்பாடு என்றேன். முகர்ந்து பார்த்துவிட்டு நம்பினார்.

ஐந்து மணிக்கு ஸ்டெபி கயிற்றின் ஒரு முனையைப் பிரின்சிபால் அறை ஜன்னல் கம்பியில் கட்டினாள். மாமாவின் முடிச்சு அது, இழுக்க இழுக்க இறுகும். மறுமுனையை இடுப்பில் கட்டிக்கொண்டாள்.

"மேடம், நான் இறங்குறேன். கயிறு உங்க கையில."

சொல்லிவிட்டு நடந்தாள். நான் பின்னால் கயிறு விட்டுக்கொண்டே போனேன். வீட்டுக்குக் கிளம்பிய பிள்ளைகளெல்லாம் நின்றுவிட்டார்கள்.

"என்னளா, தேர் இழுக்கியளா?" என்றது ஒரு குரல்.

"வடம் பிடிக்க வாரியா, சும்மா நின்னு பேசுதியா?" என்றாள் செல்வி. கட்டுப் போட்ட கையோடு கயிற்றைப் பிடித்தாள். பாதை நெடுக ஒவ்வொருத்தியாக வந்து பிடித்தார்கள்.

அலுவலகப் பியூன் பால்துரை அண்ணாச்சி முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். அது இன்னும் இறுகியது. கோபத்தில் வெட்டி ஒரு இழுப்பு இழுத்தார். ஆய்வகத்துக்குள்ளிருந்து கயிறு ஒருமுறை வெட்டி இழுத்தது.

"என்னவாம்?" என்று கத்தினார்.

"இன்னும் கயிறு விடணுமாம் அண்ணாச்சி, வேலை முடியலியாம்" என்று நான் கத்தினேன்.

கடைசியில் மேடமே கயிறு போன வழியே வந்தார். அந்தப் பாதையில் அவர் நடந்து யாரும் பார்த்ததில்லை. உடைமுள் சேலையைப் பிடித்து இழுத்தது. இரண்டு கம்பத்தில் பல்பு இல்லை. மதில் ஓர் இடத்தில் ஆள் உயரத்துக்கு உடைந்து கிடந்தது. அதன் வழியாக உள்ளே வந்து போன டயர் தடம்.

"இது எப்ப உடைஞ்சது?"

"நாங்க முதல் வருசம் சேரும்போதே மேடம். அவன் இதுவழியாத்தான் வந்தான்" என்றாள் செல்வி. பிறகு கயிற்றை மேடம் கையில் வைத்தாள். "கொஞ்சம் பிடிச்சுக்கோங்க. எனக்குக் கை வலிக்கு."

மேடம் பிடித்தார். விட்டுவிடலாமா என்று யோசித்ததும் தெரிந்தது. விடவில்லை. மிச்சக் குஞ்சுகளுக்கு ஊட்டி முடிக்கும்வரை ஸ்டெபி வெளியே வரவே இல்லை. அப்புறம் கயிறு இரண்டுமுறை வெட்டி இழுத்தது.

"இதுக்கு என்ன அர்த்தம்?" மேடம் என்னைக் கேட்டார்.

"மேல வாராளாம். இழுங்க."

இழுத்தார்.

அன்று குசினி அடுப்புப் பக்கம் உட்கார்ந்து ஸ்டெபியின் இடுப்பில் கயிறு உரசிச் சிவந்த இடத்துக்குத் தேங்காயெண்ணெய் தடவினேன். "கயித்து நாத்தம் தாங்கல, அதான்" என்றேன். அவளும் நம்பியதுபோல் இருந்தாள்.

அடுத்த வாரம் மதிலை அடைத்தார்கள். பல்பு வந்தது, புதரும் போயிற்று. ஒழுங்கீனத்துக்கு விளக்கம் கேட்டு மாமாவை வரச்சொன்னார்கள். மாமா போய்த் தன் கயிற்றைத் திருப்பிக் கேட்டுவிட்டு வந்தார். ஆய்வகத்துக்கு மாணவிகளும் ஆறு வரை போகலாம் என்றாயிற்று. பிழைத்த குஞ்சுகள் இப்போது கடுகளவில், தொட்டிக்குள் கட்டிய வலையில் ஒட்டியிருக்கின்றன. என் கண்ணுக்கே தெரிகிறது.

நூலகத்துக்கு மட்டும் இன்னும் நாலு மணிதான். "அது மேடம் கையில இல்லியாம், சேர்மன் முடிவாம்" என்றாள் ஸ்டெபி.

சேர்மன் அறையிலும் ஜன்னல் இருக்கிறது. நூலகம் மாடியில், அதனால் நாலாவது கயிறு ஒன்று வேண்டும். முடிந்து வைத்துவிட்டோம்.