ஒரு எட்டு வந்துட்டுப் போங்க

காக்கியைக் கழற்றிய பிறகு கைகளை எங்கே வைப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. கொடைக்கானலில் ஒரு கல்லூரியில் குற்றவியல் நீதியும் தலைமைப் பண்பும் சொல்லிக்கொடுக்கிறேன். கையைப் பின்னால் கட்டினால் ரவுண்ட்ஸ் வந்த இன்ஸ்பெக்டர், தொங்கவிட்டால் பரேடு. என்ன கேட்டாலும் வகுப்பு மொத்தமும் "எஸ் சார்" என்கிறது. ஒரே ஒரு பெண் மட்டும் "அது எப்படி சார்?" என்பாள். மேல்மலைக் கிராமம் ஒன்றில் பூண்டு போடும் குடும்பம். அவள் கேட்டால் எரிச்சலாகவும் இருக்கும், அன்றைக்குத்தான் பாடம் நடத்திய மாதிரியும் இருக்கும்.

ஒரு வாரமாக அவள் வரவில்லை. ஆசிரியர் என்றால் வீட்டுக்குப் போய் விசாரிக்க வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். இறங்கியதும் என் கால் அவள் வீட்டுக்குப் போகாமல் டீக்கடைக்குப் போனது. எங்கள் உத்தியோகத்தில் யார் வீட்டுக்கும் நேரே போகிற வழக்கமில்லை. முதலில் அக்கம்பக்கம். டீயை ஆற்றிக்கொண்டே அவள் அப்பாவைப் பற்றிக் கேட்டேன். ஆள் எப்படி, யாரோடு பழக்கம், வெளியூர்ப் போக்குவரத்து உண்டா. கடைக்காரர் என் கிராப்பைப் பார்த்தார், ஷூவைப் பார்த்தார், "தெரியாதுங்க" என்றார். நான் போய்ச் சேர்வதற்குள் அவர்கள் வீடு பூட்டியிருந்தது.

மேல்மலையில் ஒருவர் மஃப்டியில் வந்து இப்படிக் கேட்டால், ஒன்று கஞ்சா கேஸ், இல்லாவிட்டால் போதைக் காளான் கேஸ் என்றுதான் ஊர் நினைக்கும். பூண்டு எடுக்கும் சோலிக்காகத்தான் அவள் வகுப்புக்கு வராமல் நின்றிருந்தாள் என்பதே மறுநாள் அவள் தோழி சொல்லித்தான் தெரிந்தது. இப்போது அப்பா படிப்பையே நிறுத்திவிட்டாராம், படிக்கப் போட்டால் வீட்டுக்குப் போலீஸ் வருகிறது என்று. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. திரும்பப் போனால் அது இரண்டாவது விசாரணை. போகாவிட்டால் அந்தப் பெண்ணின் படிப்பு போச்சு.

போன் செய்தேன்.

"ஐயா, நாங்க ஒண்ணுஞ் செய்யலீங்க" என்றார் அப்பா.

சமாதானமாகப் பேசத்தான் நினைத்தேன். வாயில் வந்தது இதுதான்: "ஒண்ணுமில்ல, மகளையும் கூட்டிக்கிட்டு ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

ஸ்டேஷனுக்கு ஆள் வரவழைக்க உத்தியோகம் முழுக்க நான் சொன்ன அதே வார்த்தை. போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

மறுநாள் கல்லூரிக்கு வந்தார். மகளோடு இன்னும் இரண்டு பேரையும் கூட்டி வந்திருந்தார். எதற்கு என்று கேட்டேன். ஜாமீன் போட ஆள் வேண்டுமே என்றார். துண்டைக் கக்கத்தில் இடுக்கியபடி மூவரும் வகுப்பு வாசலில் நின்றார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. கெஞ்சிக் கூத்தாடிக் கடைசிப் பெஞ்சில் உட்காரவைத்தேன். அவள் தன் இடத்துக்குப் போனாள். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் அன்றைய பாடத்தையே எடுத்தேன். விசாரணைக்கு வரச்சொல்ல வேண்டுமென்றால் போலீஸ் எழுத்தில் தர வேண்டும் என்றேன்.

"அது எப்பிடிங்க?"

அவள் அல்ல, அப்பா.

"வாயால கூப்பிட்டா வரணும்னு கட்டாயம் இல்லீங்களா?"

"இல்லீங்க."

"நீங்க போன்லதான கூப்பிட்டீங்க?"

"ஆமாங்க."

"அப்ப நாங்க கெளம்பலாமுங்களா?"

இல்லை, இருங்கள் என்று சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் நடத்திய பாடம் பொய்.

"கிளம்பலாங்க" என்றேன்.

மூவரும் எழுந்தார்கள். அவளும் பையை எடுத்தாள். வாசல்வரை போன அப்பா திரும்பிப் பார்த்தார்.

"நீ எங்க எந்திரிக்கிறவ? ஒக்காந்து மிச்சத்தையும் கேட்டுட்டு வா. பூண்ட நாங்க பாத்துக்கிறோம்."